அவனுக்கு நீ கொடுக்காத சொல்

என் ராஜாத்தி பேச்சிக்கு,

நீ போன பிறகு உன்னோடு பேசாத நாள் எனக்கு இல்லை. வாய்விட்டுப் பேசினால் ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறாளே என்று கோபப்படாதே. உன்னை அவமானப்படுத்தியதும் நாலு பேர் நடுவில்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் புகாரை விசாரிக்கிற ஆபீஸ் கமிட்டி வருகிற திங்கட்கிழமை மறுபடி கூடுகிறது. நான்தான் சாட்சி. நான் உண்மையைச் சொன்னால் நீ கொடுத்தது பொய்ப் புகார் என்று எழுதி மூடிவிடுவார்கள் போலிருக்கிறது. உனக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் நான் ஒரு பொய் சொல்ல வேண்டும் என்கிறாள் உன் மகள் ரேவதி. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதைக் கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "இருக்கதே ஒரு கை. அதும் ஓடலியா, மாமி?"

கல்யாணில் ஏறும்போது இப்போதும் என் கண் தானாக ஜன்னலோரத்துக்குப் போகிறது. அம்பர்நாத்திலேயே ஏறி, கைப்பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய். இப்போது அங்கே பரேலுக்கு வைத்தியத்துக்குப் போகிற ஓர் அம்மாள் உட்கார்கிறாள். கீமோ முடிந்து தலையில் துணி கட்டியிருக்கிறாள். நல்லவள்தான். ஆனாலும் முதல் நாள் அவள் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. என் புத்தி உனக்குத் தெரியாததா?

நம் டப்பாவில் இப்போது சத்தமே இல்லை. ஊனமுற்றவர்களுக்கும் புற்றுநோய்க்காரர்களுக்கும் ஒதுக்கிய அந்தச் சின்னப் பெட்டியில் நீ இருந்தவரை டோம்பிவிலி தாண்டுவதற்குள் சண்டை, சிரிப்பு, பாட்டு எல்லாம் முடிந்துவிடும். தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கிற நம் ஷேக் பாய்கூட இப்போது "வாங்க லலிதாம்மா" என்று ஊன்றுகோலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பழைய பெயர் எதையும் யாரும் சொல்வதில்லை. ஒருவரையொருவர் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டுக்கொள்கிறோம், பெண் பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் போல.

நான் இந்த டப்பாவுக்கு வந்த கதையை நீ எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாய்! ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மிளகாய் கூட்டிச் சொல்வாய். நான் அதுவரை லேடீஸ் பெட்டியில்தான் போய்க்கொண்டிருந்தேன். போலியோவில் சூம்பிப்போன இடது கையை முழுக்கைச் சட்டைக்குள் விட்டு, அதன் மேல் முந்தானையைப் போட்டு, எல்லோரையும் போல நானும் ஒருத்தி என்று நின்றேன். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கல்யாண் கூட்டத்தில் எத்தனை நாள் நிற்க முடியும்? ஒரு நாள் இறங்குகிறவர்கள் தள்ளிய தள்ளலில் ப்ளாட்பாரத்தில் விழுந்தேன். முந்தானை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுப்பிவிட வந்தவர்கள் கையைப் பார்த்து "ஐயோ" என்றார்கள்.

அடுத்த பெட்டி வாசலில் நின்றுகொண்டு நீ கத்தினாய். "ஏ மாமி! உனக்கும் எனக்கும் சர்க்கார் தனியா இடம் போட்டு வச்சிருக்கான்லா? அங்க போயி எதுக்கு மிதி படுத?" என் நெற்றியையும் புடவைக் கட்டையும் பார்த்தே மாட்டுங்கா ஐயர் வீட்டு மாமி என்று கணக்குப் போட்டுவிட்டாய். "மாமி" என்று மரியாதையும், அடுத்த வார்த்தையிலேயே "நீ" என்று வெட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வலியில் ஏறிவிட்டேன்.

ஏறியதும் நீ கேட்டதுதான் கேள்வி. அந்தப் பெட்டிக்கு யார் புதிதாக வந்தாலும் அதைத்தான் கேட்பீர்களாம், எனக்கு அது தெரியாது. "வெளியில உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுதாங்க? ரொம்பக் குத்துத சொல்லு எது? அதைச் சொல்லு." எனக்கு முகம் சிவந்துபோயிற்று. "உனக்கெதுக்கு அதெல்லாம்? நான் ஒண்ணும் உன்னோட சிநேகிதம் பண்ணிக்க வரலை" என்று சொல்லிவிட்டு மாட்டுங்கா வரும் வரை கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் சில நாள் லேடீஸ் பெட்டிக்கே போனேன். திரும்பவும் அதே தள்ளல், அதே "ஐயோ". கடைசியில் நானாகவே உன் முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

நீ அவசரப்படவில்லை. உன் காலில் மாட்டியிருந்த இரும்புக் காலிப்பரைத் தட்டிக் காட்டினாய். "நான் லங்டி, நொண்டி. தாராவிச் சந்துல இதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பாய் ஒத்தக்காலன். இங்க எல்லாவனும் தன் சொல்லைத் தானே எடுத்து வச்சிருக்கான். நீ வைக்காட்டி உன்னை லலிதான்னே கூப்பிடுவோம், ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்" என்றாய். அதுதான் உங்கள் சட்டம். அவரவர் கொடுக்காத சொல்லை யாரும் தொடக் கூடாது. கொடுத்த சொல்லையும் டப்பாவுக்குள்தான் சொல்லலாம், ப்ளாட்பாரத்தில் கால் வைத்துவிட்டால் பெயர்தான்.

எங்கள் வீட்டில் என்னை யாரும் ஒரு தப்பான வார்த்தை சொன்னதில்லை, பேச்சி. அது உனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் கைக்குப் பெயரே கிடையாது, "அது" தான். "அதை மூடிக்கோ" என்பாள் அம்மா. அவளுக்கு என் மேல் உயிர். அண்ணன் பிள்ளையின் நிச்சயதார்த்தத்தில் ஆரத்தித் தட்டை நான் வலது கையால் எடுக்கப் போனேன். "உனக்கு எதுக்குடி சிரமம்?" என்று சிரித்துக்கொண்டே மன்னி வாங்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள். நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தாலேயே என்னை எல்லாக் கூடத்திலும் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். சின்ன வயதில் கட்டிடத்துப் பிள்ளைகள்தான் மாடிப்படியில் நின்றுகொண்டு "சூம்பி, சூம்பி" என்று கத்துவார்கள். அந்தச் சொல்லை அன்றைக்கு உன்னிடம் சொன்னேன். அதை என் வாயால் சொன்னதே அதுதான் முதல் தடவை.

ஷேக் பாய் ஒரு வடாபாவை என் பக்கம் நீட்டி, "சூம்பி, சாப்பிடுங்க" என்றார். "ங்க" போட்டுச் சூம்பி! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவரை அந்தச் சொல் எங்கேயாவது காதில் விழுந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நடப்பேன். அதற்குப் பிறகு அந்தப் பயம் போயிற்று. அரைக்கைச் சட்டை தைத்துக்கொண்டேன். நீதான் துணி எடுக்க தாதர் வரை கூட வந்தாய்.

இவ்வளவையும் அந்தக் கமிட்டியிடம் எப்படிச் சொல்வேன்?

உன் ஆபீஸில் நடந்தது எல்லாம் போன தசராவில் ஆரம்பித்தது. தசராவுக்கு முதல் நாள் பம்பாய் ரயில் குரூப்புகள் எல்லாம் தங்கள் பெட்டிக்குச் சாமந்தி மாலை கட்டிப் பூஜை போடுவார்கள். நாமும் போட்டோம். நீ மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காலிப்பரைத் தரையில் தட்டித் தாளம் போட்டு, "லங்டி ராணி தர்பாருக்கு எல்லாரும் வாங்க! சூம்பி மந்திரி வாங்க! ஒத்தக்கால் தளபதி வாங்க!" என்று பாடினாய். நானே உன் போனில் வீடியோ எடுத்தேன். நீ அதைச் சந்தோஷம் தாங்காமல் உன் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாய். ப்ளாட்பாரத்தில் சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டவள் நீ. போனும் ப்ளாட்பாரம்தான் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வேலை நாளில் உன் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருந்த மேலதிகாரி ஸாப் எல்லோருக்கும் கேட்கும்படி, "லங்டி ராணி, ஃபைல் லாவோ" என்றான், ஃபைலைக் கொண்டு வா என்று. செக்‌ஷனே சிரித்ததாம். நீயும் சிரித்து வைத்தேன் என்றாய். பிறகு அது தினசரி ஆயிற்று. கான்டீனில், கவுன்ட்டரில், வெளியாள் முன்னால், கடைசியில் பியூன் உன் நடையின் சத்தத்தை வாயால் போட்டுக் காட்டுகிற வரை. நீ தனியாகப் போய் நிறுத்தச் சொன்னாய். "அரே, நீயே சொல்லிக்கறே, நான் சொன்னா தப்பா? ப்யார் ஸே போல்தா ஹூங்" என்றானாம். அன்பாகத்தான் சொல்கிறானாம். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தாய்.

நீ ஒரு தடவைதான் கமிட்டி முன்னால் போனாய். அடுத்த தேதி வருவதற்குள், ரயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில், ஒரு காலில் காலிப்பர் மாட்டிய நிலையில், உன் நெஞ்சு நின்றுவிட்டது. அம்பர்நாத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது அதை இன்னும் கழற்றவில்லை. நான்தான் கழற்றினேன். ஒரு கையால் அந்த வாரை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? யாரையும் உதவிக்கு விடவில்லை.

ஆளே போய்விட்டாள், புகார் எதற்கு என்று எல்லோரும் சொன்னார்கள். உன் மகள் கேட்கவில்லை. "அம்மா பொய் சொல்லலைன்னு அவங்க ஆபீஸ் எழுதித் தரணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்று தினமும் போய் உட்கார்ந்தாள். அவள் பிடிவாதத்தால்தான் விசாரணை நடக்கிறது. உன் பிடிவாதம்தான் அது.

போன வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மேடம் நல்ல மாதிரி. வாய்க்கு வாய் "திவ்யாங் பெஹன்" என்றுதான் உன்னைச் சொன்னாள். நீ அந்த வார்த்தையை முதலில் கேட்டபோது சொன்னது ஞாபகம் வந்தது: "தெய்வ உடம்பாம்ளா எனக்கு. அப்போ தெய்வத்துக்கு ஒரு லிஃப்டைச் சரி பண்ணிக் குடுத்தா என்ன?" அந்த லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. நானும் படியேறித்தான் போனேன்.

அவனும் இருந்தான். நான் ராட்சசனை எதிர்பார்த்துப் போனேன். சின்னக் குரலில், கையைக் கட்டிக்கொண்டு பேசுகிற மனிதன். ஆபீஸில் உன் படத்துக்கு முதல் மாலை போட்டவன் அவன்தானாம். "மேரி பெஹன் ஜைஸி தீ" என்றபோது, என் தங்கை மாதிரி என்றபோது, அவன் கண் நிஜமாகவே கலங்கியது. நடிக்கிறான் என்று நினைக்க எவ்வளவோ பார்த்தேன், முடியவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அவன் மனசில் விஷமே இல்லாமல் இருந்தால்? சும்மா ஒரு சிரிப்புக்காக, அதற்கு மேல் ஒன்றும் யோசிக்காமல், உன்னைத் தினம் தினம் கொன்றிருந்தால்?

அந்த வீடியோவை லாப்டாப்பில் போட்டார்கள். உன் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது, பேச்சி. மாலையும் நீயும். செத்துப்போன பிறகு உன் குரலை அன்றைக்குத்தான் முதலில் கேட்கிறேன், அதுவும் அந்த மூன்று பேருக்கும் அவனுக்கும் நடுவில் உட்கார்ந்து. மேடம் நிறுத்திவிட்டு என்னைக் கேட்டாள். "இவர் தன்னைத்தானே இந்த வார்த்தையால் சொல்லிக்கொள்வது வழக்கமா? நீங்களும் அப்படிக் கூப்பிடுவது உண்டா?"

"மேடம், அது எங்க டப்பாவுல ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"ஸிர்ஃப் ஹாங் யா நா" என்றாள். ஆமாவா இல்லையா, அது மட்டும் போதுமாம். எல்லோர் முன்னாலும் தானே சொல்லிக்கொள்கிற வார்த்தையை இன்னொருவர் சொன்னால் அதில் அவமதிக்கும் எண்ணம் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்கள் பார்க்க வேண்டியதாம்.

தண்ணீர் கேட்டேன். தலை சுற்றுகிறது என்றேன், பொய்யில்லை, சுற்றத்தான் செய்தது. பாவம் என்று திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே டீக்கடையில் ரேவதி காத்திருந்தாள். நான் சொல்லி முடிப்பதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ஒரே ஒரு ஸென்டன்ஸ் போதும். டப்பாவுலயும் அம்மாவுக்கு அது பிடிக்கலை, நீங்கல்லாம் கிண்டல் பண்ணி, ஃபோர்ஸ் பண்ணித்தான் அப்படிப் பாட வெச்சீங்கன்னு சொல்லிடுங்க. வக்கீல்கிட்ட கேட்டுட்டேன். அப்போ கேஸ் நிக்கும்."

"எப்படிடி சொல்றது? உங்கம்மாவை நாங்க அழவெச்சோம்னா? அது பொய்யில்லையா?"

"பொய்யா? பக்கா தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள். "அம்மா சிரிச்சா பிடிச்சிருக்குன்னு அர்த்தமா? ஆபீஸ்லயும்தான் முதல் நாள் சிரிச்சாங்க. ஸ்கூல் கேட்ல என்னை 'லங்டி கி பேட்டி'ன்னு கூப்பிடுவாங்க, ஆன்ட்டி. நொண்டி மகள்னு. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னதே இல்லை. அதே வார்த்தையை அம்மா ஸ்டேட்டஸ்ல பாட்டா பாடுறாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கல்லாம் அதைக் கழுவிச் சுத்தம் பண்ணிட்டதா நெனைச்சீங்க. கழுவி அவன் கையில குடுத்துட்டீங்க."

டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. அவள் என்னைத் திட்டவில்லை பேச்சி, அழுதுகொண்டே சொன்னாள். நம் சொல் அவள் முதுகில் விழுந்துகொண்டிருந்தது உனக்குத் தெரியுமா? தெரிந்தும் பாடினாயா? தெரியாமலே போய்விட்டாயா? தெரியாமல் போயிருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். சொன்னால் என்ன? ஷேக் பாய் கோபித்துக்கொள்ள மாட்டார். "நம்மளைக் கெட்டவங்கன்னு எழுதினா எழுதிட்டுப் போறாங்க லலிதாம்மா, புள்ளைக்கு வேண்டியது கெடைக்கட்டும்" என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் அப்படிச் சொன்னால் நீ யார்? ஆபீஸிலும் அழுதவள், ரயிலிலும் அழுதவள், எங்கேயும் வாய் திறக்காமல் தலைகுனிந்தவள் என்று எழுதிவிடுவார்கள். உன் புகார் ஜெயிக்கும். அதில் நீ இருக்க மாட்டாய்.

அவன் மனசில் என்ன எண்ணம் இருந்தது என்று மூன்று பேர் உட்கார்ந்து தேடுகிறார்கள். என் மன்னியின் மனசில் கெட்ட எண்ணமா இருந்தது? அம்மா மனசிலா? நீ எங்களுக்கு வைத்த சட்டத்தில் எண்ணத்தைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாதே, பேச்சி. கொடுத்தாயா இல்லையா, அவ்வளவுதான். அவனுக்கு நீ கொடுக்கவில்லை. நிறுத்து என்று நேரில் போய்ச் சொன்னாய். அதற்கு அப்புறமும் சொன்னவனுடைய எண்ணத்தை எதற்காகத் தேட வேண்டும்? எனக்கு இது இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. ஆமாவா இல்லையா என்று கேட்கிறவர்கள் முன்னால் போனதும் எல்லாம் கலங்கிப்போகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மழை நாள் ஞாபகத்துக்கு வருகிறது. இவ்வளவு நாள் இது எப்படித் தோன்றாமல் போயிற்று? உன்னை நினைத்தாலே பாட்டும் சிரிப்பும்தான் முன்னால் வந்து நிற்கிறது, அதனால்தானோ என்னவோ. நீ புகார் கொடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால். கல்யாணில் தொப்பலாக நனைந்து ஏறினேன். எப்போதும் போல, "என்னடி லங்டி, நகரு" என்றேன். நீ நகர்ந்தாய். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் ஷட்டரைப் பிடித்தபடி வெளியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாய்.

டோம்பிவிலி தாண்டி மெதுவாகச் சொன்னாய். "மாமி, கொஞ்ச நாளைக்கு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிடுதியா? அந்தச் சொல்லைக் கேட்டா அவன் மூஞ்சிதான் வருது."

"சரிடி, பேச்சி" என்றேன். சயானில் நீ இறங்கும்போது உன் முந்தானை கதவில் மாட்டிக்கொண்டது, எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் ராணியாக இருக்கவில்லை. பாயிடமும் சொல்லிவிட்டாய் போலிருக்கிறது, அவரும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நாள்தானே, மறுபடி பாடுவாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சின்ன வயதிலிருந்து உன்னை அடித்த சொல் அது. அதைப் பிடுங்கி, தட்டி நிமிர்த்தி, தலையில் கிரீடமாக வைத்துக்கொள்ள உனக்கு முக்கால் ஆயுசு ஆயிற்று. அவன் சில மாசத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுபோய்விட்டான். ஆபீஸில் மட்டும் எடுத்திருந்தால் தாங்கியிருப்பாய். நம் டப்பாவுக்குள்ளும் வந்து எடுத்துவிட்டான், அங்கே ஏறாமலேயே. நாங்கள் அன்பாகச் சொன்னதைக்கூட உன்னால் கேட்க முடியாமல் பண்ணிவிட்டான். இதைவிட என்ன சாட்சி வேண்டும் அவர்களுக்கு?

ரேவதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால் இதுவரை எழுதியதைப் படித்தே காட்டினேன். அந்த மழை நாள் வந்ததும், "அம்மா அப்படிச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஆனா ஆன்ட்டி, நீங்க ஆமான்னு சொன்னதுமே அவங்க நிறுத்திட்டா? மிச்சத்தைக் கேக்கவே இல்லைன்னா?"

"நடக்கலாம்டி. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அப்போ எங்கம்மா பொய்க்காரியா ஆயிடுவாங்க. உங்க உண்மையால." போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவள் சொன்னது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது இதை எழுதும் வரை எடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று உன்னைக் கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். இத்தனை வருஷம் நான் உன்னை அப்படிக் கூப்பிட்டேனே, எப்போதாவது, ஒரே ஒரு நாளாவது, வலித்ததா? நீயாகக் கொடுத்த சொல்தான். ஆனால் கொடுத்ததைத் திரும்பக் கேட்க உனக்குக் கூச்சமாக இருந்திருக்குமோ? அந்த மழை நாளுக்கு முன்னாலேயே கேட்க நினைத்து, மாமி என்ன நினைத்துக்கொள்வாளோ என்று விட்டுவிட்டாயோ? வலித்திருந்தால் கனவில் வந்தாவது திட்டிவிட்டுப் போ. வாங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை நான் போவேன். ஆமாவா இல்லையா என்று கேட்டால், ஆமாம் என்பேன். அவள் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டாள், நாங்களும் கூப்பிட்டோம், என்னைச் சூம்பி என்றாள், நான் சிரித்தேன் என்பேன். அந்த மழை நாளைச் சொல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். போதும் என்று கையைக் காட்டினால் குரலை உயர்த்துவேன். வெளியே அனுப்பினால் உன் செக்‌ஷன் வாசலில் நின்றுகொண்டு, உன்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்வேன்.

தோற்றுப் போகலாம். நிறையப் பயமாக இருக்கிறது. உன்னை நீ இல்லாத ஒருத்தியாகக் காட்டி ஜெயிக்க மட்டும் என்னால் முடியாது, என்னை மன்னித்துக்கொள். அதற்காக உன் பெண் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றால், தினம் அம்பர்நாத் வந்து அவள் கதவைத் தட்டுவேன். திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்பேன். தாயில்லாப் பெண்ணைத் தனியாக விட மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அவள் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்,
இனிமேல் உன் ரேவதிக்குப் பெரியம்மா,
லலிதா